வேப்பிலை வாங்கப் போன இடத்தில் முருகன் கொடுத்த பதில்

போன ஆடி மாதம் ஒரு வியாழக்கிழமை மத்தியானம் அக்காவிடமிருந்து போன் வந்தது.

"கார்த்தி, யாழுக்கு ஒடம்பு அனலாக் கொதிக்குதுடி. செவ்வாக்கெழமையில இருந்து இப்படித்தான். இன்னைக்குக் கையிலயும் கால்லயும் கொப்புளம் போட்டிருக்கு. தண்ணி கூட எறங்க மாட்டேங்குது. வாடி, எனக்குப் பயமா கெடக்கு."

அதோடு சிக்னல் போய்விட்டது. திரும்பத் திரும்ப அடித்தேன். லைன் போகவே இல்லை. 

நம் பழனிப் பாதயாத்திரைக் குழுவில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். போன வருஷம் நடக்கும்போது ஸ்பீக்கரில் கண்ட பாட்டையும் போட்டுத் திட்டு வாங்கினேனே, அந்தக் கார்த்திகாதான். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வள்ளி என் கூடப் பிறந்த அக்கா. கொடைக்கானலுக்கும் மேலே, மேல்மலையில் கவுஞ்சி என்கிற ஊரில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். கேரட்டும் பூண்டும் போடுகிற குடும்பம். யாழினி அவளுடைய ஒரே பெண், இரண்டு வயது. நான் கொடைக்கானல் நாயுடுபுரத்தில் ரூம் எடுத்துத் தங்கி, டூரிஸ்ட் வருகிற ஒரு கேஃபேயில் வேலை பார்க்கிறேன். படித்தது பி.எஸ்சி. விலங்கியல். இந்தப் படிப்பை வைத்து நான் எவ்வளவு திமிராக இருந்தேன் என்பதும் இந்தச் சாட்சியில் வரும். அதை மறைத்துவிட்டு முருகன் செய்ததை மட்டும் சொன்னால் அது பொய்.

அன்று சாயங்காலமே கவுஞ்சி போய்ச் சேர்ந்தேன். யாழினி பாயில் கிடந்தாள். என்னைப் பார்த்தால் "சித்தி" என்று ஓடி வந்து காலைக் கட்டிக்கொள்கிற பிள்ளை, கண்ணை மட்டும் திருப்பிப் பார்த்தாள். வாயோரம் எச்சில் ஒழுகிக்கொண்டே இருந்தது. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் சின்னச் சின்னதாகச் சிவப்புக் கொப்புளம். வாயைத் திறக்கச் சொன்னால் திறக்க மாட்டேன் என்கிறாள்.

அக்காவின் மாமியாரை நாங்கள் எல்லோரும் அத்தை என்றுதான் கூப்பிடுவோம். நல்ல மனுஷி. ஆனால் அந்த வீட்டில் அத்தை சொன்னால் சொன்னதுதான். அவர் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார்.

"ஆடி மாசம்ல. ஆத்தா வந்திருக்கா. முத்து எறங்கி மூணாந்தண்ணி ஊத்துற வரைக்கும் யாரும் எங்கயும் போகக் கூடாது. சோப்பு தொடக் கூடாது, தாளிப்பு கூடாது, ஊசி மருந்து கூடவே கூடாது."

நானும் தலையாட்டினேன். ஆமாம், விலங்கியல் படித்த நான்தான் தலையாட்டினேன். அம்மை என்றால் வீட்டிலேயே வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்று எனக்குள்ளும் ஊறிப்போய்க் கிடந்தது. சாதாரணச் சின்னம்மைதானே, ஒரு வாரத்தில் இறங்கிவிடும் என்று அக்காவுக்கு வேறு தைரியம் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் யாழினி தூங்கிக்கொண்டிருந்தாள். திடீரென்று கை இரண்டும் கால் இரண்டும் ஒரே சமயத்தில் உதறின. யாரோ பக்கத்தில் வெடி போட்ட மாதிரி. கண்ணைத் திறந்து மலங்க மலங்கப் பார்த்துவிட்டு மறுபடி தூங்கினாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி ஒரு உதறல். எனக்குச் சிரிப்பு வந்தது. போனை எடுத்து வீடியோ பிடித்தேன். "கனவுல கூட டான்ஸ் ஆடுறா பாரு" என்று அக்காவிடம் காட்டினேன். மூன்று நாளில் முதல் தடவையாக அக்கா சிரித்தாள். சிக்னல் கிடைக்கிற மேட்டுக்கு ஏறிப் போய் அதை ஸ்டேட்டஸ் வைத்தேன். கூட ஒரு குத்துப் பாட்டும், மேளம் போடுகிற பொம்மையும் ஒட்டினேன். நாற்பது பேர் பார்த்துச் சிரித்தார்கள்.

இந்த இடத்தை விட்டுவிடலாம் என்று பார்த்தேன். ஆனாலும் எழுதுகிறேன்.

அன்று சாயங்காலம் இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். அத்தைக்கும் முகம் மாறிவிட்டது. "வேப்பெலையே இல்லாம எப்படி ஆத்தா குளுருவா?" என்றார். மேல்மலைக் குளிரில் வேப்பமரம் வராது. வீட்டு நிலையில் கட்டியிருந்த கொத்து காய்ந்து சருகாகிவிட்டது. பிள்ளைக்குக் கீழே விரிக்க, தண்ணீர் ஊற்ற, எல்லாவற்றுக்கும் இலை வேண்டும். கீழே இருந்துதான் வர வேண்டும்.

"கார்த்தி, நீ வெள்ளனே கெளம்பிப் பழனிக்குப் போ. பச்சை வேப்பெல வாங்கு. அப்படியே மலை விபூதியும் வாங்கிட்டு வெரசா வந்துரு."

சனிக்கிழமை விடியும்போதே மாமாவின் கேரட் வண்டியில் கொடைக்கானல் வந்து, அங்கிருந்து பழனி பஸ் பிடித்தேன். மாமா என்றால் அக்கா வீட்டுக்காரர். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் எனக்கு ஒரே நினைப்பு. ஏதோ சரியில்லை. என்னவென்று தெரியவில்லை. ஆனால் சரியில்லை.

பழனி அடிவாரத்தில் இறங்கும்போது மணி பத்தரை இருக்கும். மலை ஏற நேரமில்லை. பாத விநாயகர் முன்னால் நின்று மலையை அண்ணாந்து பார்த்தேன். எனக்கு அழகாக வேண்டிக்கொள்ளத் தெரியாது. சண்டை போடுகிற மாதிரிதான் கேட்டேன்.

முருகா, எங்களுக்குத் தெரியாதது ஏதோ இருக்கு. அது என்னன்னு சொல்லு. திட்டியாவது சொல்லு, அடிச்சாவது சொல்லு. பிள்ளையை மட்டும் எடுத்துராத.

நான் கேட்டது அவ்வளவுதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, தரையில் சாக்கு விரித்துப் பூவும் வேப்பிலையும் வைத்திருந்த ஒரு அக்காவிடம் போனேன். முப்பத்தைந்து வயது இருக்கும்.

"வேப்பிலை நாலு கட்டு குடுங்கக்கா."

"நாலு கட்டா? தீச்சட்டியா, வீட்டுல அம்மையா?"

"அம்மைதான். அக்கா பொண்ணுக்கு."

கட்டுகளை எடுத்து நீட்டிக்கொண்டே கேட்டார். "முத்து எங்க போட்டிருக்கு? மூஞ்சியிலயா, வயித்துலயா?"

"இல்லக்கா. உள்ளங்கை, உள்ளங்கால்ல. வாய்க்குள்ளயும் இருக்கும்போல. எச்சி ஒழுகிக்கிட்டே கெடக்கு."

நீட்டிய கை நின்றது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் தொட்டுவிட்ட கட்டை வெடுக்கென்று பின்னால் இழுத்துக்கொண்டார்.

"ஒனக்கு வேப்பெல கெடையாது. போ."

"என்னக்கா, காசு தரேன்ல?"

"காசு யாருக்குடி வேணும்? பிள்ள தூங்கையில தூக்கித் தூக்கிப் போடுதா? அதச் சொல்லு மொதல்ல."

போனை எடுத்து அந்த வீடியோவைக் காட்டினேன். பாட்டு, மேளம், பொம்மை எல்லாவற்றோடும். அவர் பார்த்தார். பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"இதுக்கா பாட்டுப் போட்டிருக்க? படிச்ச பிள்ள மாதிரி இருக்கியேடி. அறிவு இருக்கா ஒனக்கு? இது அம்மை இல்லடி. இதே மாதிரிதான் எம் பையனுக்கும் வந்துச்சு. நானும் ஆத்தான்னு நெனச்சு வேப்பெலையில போட்டு வச்சிருந்தேன். அஞ்சாம் நாளு தூக்கிட்டு ஓடுனேன், மூளைக்கு ஏறிருச்சுன்னாங்க. உசுரு தப்பிச்சிருச்சு. ஆனா எடது கை இன்னும் தோளுக்கு மேல எந்திரிக்க மாட்டேங்குது. ஒங்க பிள்ளைக்கு இன்னைக்கு எத்தனாவது நாளு?"

செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி. "அஞ்சு" என்றேன்.

திட்டியாவது சொல்லு என்று நான் கேட்டு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. நடுத்தெருவில், நாலு பேர் பார்க்க, ஒரு முன்பின் தெரியாத மனுஷி என்னைத் திட்டிக்கொண்டிருந்தார். அங்கே எத்தனையோ பேர் வேப்பிலை விற்கிறார்கள். நான் ஏன் அவரிடம் போனேன்? நீங்களே சொல்லுங்கள்.

அக்காவுக்குப் போன் போடவில்லை. மாமாவுக்கு அடித்தேன். மார்க்கெட்டில் கேரட்டை இறக்கிவிட்டு அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தாராம். எப்போதும் கிடைக்காத சிக்னல் அன்றைக்குக் கிடைத்தது. விஷயத்தைச் சொன்னதும் பின்னாலிருந்து அத்தையின் குரல் கேட்டது.

"ஏலே, போனக் குடு இங்க. என்ன கார்த்தி, என்ன சொல்லுற? ஆத்தா இருக்கிற வீட்டுல இருந்து பச்சப் பிள்ளையத் தூக்கிட்டு வாசப்படி தாண்டச் சொல்றியா? ஆத்தா சும்மா விடுவாளா?"

"அத்தை, இது ஆத்தா இல்ல. வேற நோய். மூளைக்குப் போயிரும்னு பயமா இருக்கு."

"டாக்டரா நீ? விலங்குக்குத்தானடி படிச்ச?"

போன் ஸ்பீக்கரில்தான் இருந்தது. பூக்கார அக்கா என் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டார்.

"அம்மா, நான் கோயில் வாசல்ல வேப்பெல விக்கிறவ. ஆத்தா சோறுதான் நான் திங்கிறது. அவளப் பத்தித் தப்பாச் சொல்லுவேனா? ஒங்க பேத்திக்கு வந்திருக்கிறது எம் பிள்ளைக்கு வந்ததுதாம்மா. நான் லேட்டாப் போனேன். நீங்க போகாதீங்க லேட்டா. ஒங்க காலத் தொட்டுக் கேக்குறேன்."

அப்புறம் அத்தையின் குரல் கேட்டது. என்னிடமும் பேசவில்லை, அந்த அக்காவிடமும் பேசவில்லை.

"ஆத்தா, கோவிச்சுக்காத. நீயும் எங்க கூட வண்டியில ஏறிக்க."

அத்தையே யாழினியைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு மாமாவின் வண்டியில் ஏறினாராம். இதை அக்கா பிறகு சொன்னாள்.

கொடைக்கானலில் முதலில் பார்த்த டாக்டர் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்ததும் நிமிர்ந்து நர்ஸைக் கூப்பிட்டாராம். உடனே ஆம்புலன்ஸ். மதுரையில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். மாமா போனில் சொன்னதும் நான் பழனியிலிருந்தே பஸ் ஏறி, அவர்கள் வருவதற்கு முன்னால் அந்த ஆஸ்பத்திரி வாசலில் நின்றேன். ஆம்புலன்ஸ் கதவு திறந்தது. அக்காவைப் பார்த்தேன். தலை சீவாமல், மஞ்சள் பூசிய கையோடு, செருப்பு இல்லாமல் இறங்கினாள். யாழினி முகத்தில் மாஸ்க் வைத்திருந்தார்கள். கண் பாதி மூடி, பாதி திறந்து.

உள்ளே ஒரு லேடி டாக்டர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர்தான் இருப்பார். "எப்ப இருந்து உதறுது? எவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவை?" என்று கேட்டார். அக்காவுக்குச் சொல்லத் தெரியவில்லை, அழுகிறாள். நான் வீடியோவைக் காட்டினேன். வெட்கத்தில் செத்துவிடலாம் போல இருந்தது. டாக்டர் பாட்டை மியூட் செய்துவிட்டு மூன்று தடவை ஓட்டிப் பார்த்தார்.

"எடுத்தது நல்லதாப் போச்சு" என்றார். "இதப் பார்த்த பிறகு எனக்குச் சந்தேகம் இல்ல. டைம் வேஸ்ட் பண்ண வேணாம்."

என் கேவலமான வேலையைக்கூட முருகன் எடுத்துப் பயன்படுத்திக்கொண்டான். எனக்கு அது இன்னும் ஜீரணமாகவில்லை.

பிள்ளையை ஐ.சி.யூ.வுக்குள் கொண்டுபோனார்கள். நரம்பு வழியாக ஏதோ விலை உயர்ந்த மருந்து ஏற்றினார்கள். மூச்சுக்குக் குழாய் வைத்தார்கள். காலையில் ஒருத்தர், சாயங்காலம் ஒருத்தர் மட்டும் போய்ப் பார்க்கலாம். சனி, ஞாயிறு, திங்கள். மூன்று நாள். டாக்டர் ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தான் சொன்னார். "இப்ப எதுவும் சொல்ல முடியாது."

அத்தை காரிடாரில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. நான் கந்தர் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். வேறொன்றும் தெரியவில்லை. விடாமல், முட்டாள் மாதிரி, முருகா முருகா முருகா.

திங்கள்கிழமை மத்தியானம்தான் எனக்கு இரண்டாவது அடி விழுந்தது. டாக்டர் எங்களை உட்கார வைத்துப் பேசினார்.

"அம்மை இல்லை இது. கை, கால், வாய் நோய்னு சொல்லுவோம். என்டரோவைரஸ்னு ஒரு கூட்டம் இருக்கு, குடல்ல வளர்ற வைரஸ். அதுல சிலதுதான் இதைக் கொண்டுவரும். நிறையக் குழந்தைகளுக்கு வரும், ஒரு வாரம் பத்து நாள்ல தானாப் போயிரும். வாய்ப்புண்ணு ஆறுற வரைக்கும் தண்ணியும் கூழும் விடாம குடுத்தாப் போதும். எங்கயோ ஒரு குழந்தைக்குத்தான் மூளை, இதயம்னு ஏறும். யாழினிக்கு அப்படி ஏறியிருக்கு. விடாத காய்ச்சல், வாந்தி, தூக்கத்துல உதறல், தள்ளாட்டம், இதுல எது வந்தாலும் ஒரு மணி நேரம்கூட வீட்டுல வைக்கக் கூடாது."

அக்கா கேட்டாள். "எங்க வீட்டுல யாருக்குமே ஒண்ணும் இல்லையே டாக்டர். எப்படி வந்துச்சு?"

"பெரியவங்களுக்கு வந்தாப் பல சமயம் தெரியவே தெரியாது. லேசா தொண்டை வலி, வாய்ல ஒரு புண்ணு. அவ்வளவுதான். ஆனா எச்சில்லயும் மலத்துலயும் வைரஸ் வெளிய வந்துக்கிட்டே இருக்கும். கையில ஒட்டும். அந்தக் கையால பிள்ளைக்கு ஊட்டுனாப் போதும்."

எனக்கு உடனே அந்தப் பிறந்தநாள் கேக் ஞாபகம் வந்தது.

யாழினியின் பிறந்தநாள், காய்ச்சல் வருவதற்கு முந்தைய வாரம் வியாழக்கிழமை. கேக் வாங்கிக்கொண்டு போனேன். அதற்கு இரண்டு நாள் முன்னால் எனக்குத் தொண்டை வலி, நாக்கில் இரண்டு புண். மிளகாய் பஜ்ஜி தின்றதால் என்று நினைத்தேன். அந்தக் கையாலேயே, ஒரே ஸ்பூனில், நான் ஒரு வாய் யாழினி ஒரு வாய் என்று கேக் ஊட்டினேன்.

எங்கள் கேஃபேயின் பின்பக்கம் கலர் பந்து நிரப்பிய ஒரு தொட்டி இருக்கிறது. டூரிஸ்ட் பிள்ளைகள் உள்ளே விழுந்து புரளும். வாயில் வைக்கும், எச்சில் வடிக்கும், டயப்பரோடு உட்காரும். அதைச் சுத்தம் செய்வது என் வேலை.

"டாக்டர், நான் எப்பவும் சானிடைசர் போடுவேன்" என்றேன். பையிலிருந்து பாட்டிலை எடுத்தே காட்டினேன். "பந்துக்கும் அதான் ஸ்ப்ரே பண்ணுவேன், கைக்கும் அதான். எங்க ஊர்த் தண்ணி ஐஸ் மாதிரி இருக்கும். யாரும் கை நனைக்க மாட்டோம்."

டாக்டர் பாட்டிலைப் பார்த்தார்.

"கொரோனாவுக்கு மேல கொழுப்பு உறை இருந்துச்சு. ஆல்கஹால் அதை உடைச்சிரும். இதுக்கு அந்த உறையே இல்லம்மா. இந்த ஜெல்லை நம்ப முடியாது. சோப்பு போட்டு, ஓடுற தண்ணியில நல்லாத் தேய்ச்சுக் கழுவினாத்தான் கையை விட்டுப் போகும். பொம்மை, தரை, பாத்ரூம் எல்லாம் ப்ளீச்சிங் கரைச்சலால துடைக்கணும். நீங்க விலங்கியல்னு சொன்னீங்கல்ல? உறை இல்லாத வைரஸ் பத்திப் படிச்சிருப்பீங்களே."

படித்திருக்கிறேன். பக்கம் பக்கமாக எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். போலியோ வைரஸ் இதே கூட்டத்துச் சொந்தம்தான் என்றுகூட எழுதியிருக்கிறேன். பேப்பரில் எழுதியது கைக்கு வரவில்லை.

"அப்ப எங்கிட்ட இருந்துதான் வந்துச்சா டாக்டர்?"

"யார்கிட்ட இருந்துன்னு சொல்லவே முடியாது. தேடவும் வேணாம். இனிமே என்ன செய்யப் போறோம், அதைப் பாருங்க."

அவர் நல்ல மனசுக்காரர், அப்படிச் சொன்னார். எனக்குத் தெரியும். வெளியே வந்து அத்தை காலடியில் உட்கார்ந்து அழுதேன். "நான்தான் அத்தை கொண்டாந்தேன்" என்றேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீ கொண்டாந்த, நான் சோப்பைத் தொட விடல" என்றார் அத்தை. "அஞ்சு நாளா பிள்ளையோட மலத்த எடுத்த கையை நானும் வெறும் தண்ணியிலதான அலசுனேன்? எந்திரி. போய் மூஞ்சியக் கழுவு. சோப்பு போட்டுக் கழுவு."

அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தையும் சிரித்தார். சிரித்துக்கொண்டே இரண்டு பேரும் அழுதோம்.

அன்று நான் முருகனிடம் கேட்ட விதம் வேறு. முன்னால் சண்டை போட்டுக் கேட்டவள், இப்போது குற்றவாளியாக நின்று கேட்டேன். நான் செய்ததுக்குப் பிள்ளையை வாங்காதே. எனக்கு ஏதாவது கொடு, அவளை விடு.

செவ்வாய்க்கிழமை காலையில் காய்ச்சல் இறங்கியது. இதயத் துடிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வழிக்கு வருகிறது என்றார்கள். புதன்கிழமை உதறல் நின்றது. வியாழக்கிழமை குழாயை எடுத்தார்கள். அக்கா உள்ளே போய்விட்டு வெளியே வந்தாள். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"என்னடி? சொல்லுடி!"

"பால் வேணும்னு கேக்குறா" என்றாள். சொல்லிவிட்டு அப்படியே சுவரில் சாய்ந்து சரிந்து உட்கார்ந்துவிட்டாள்.

முருகன் அவளைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். டாக்டர்கள் கொடுத்தார்கள், மருந்து கொடுத்தது, எல்லாம் சரி. நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சனிக்கிழமை நான் நாலு கட்டு வேப்பிலையோடு மேலே ஏறியிருந்தால் அன்று யாரும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியிருக்க மாட்டோம். அந்த ராத்திரியை யாழினி தாண்டியிருக்க மாட்டாள் என்று டாக்டரே சொன்னார். அதற்கு மேல் எனக்குச் சாட்சி வேண்டாம்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் இன்னொரு விஷயம் சொன்னார். நோய் போனாலும் பல வாரத்துக்கு மலத்தில் வைரஸ் போய்க்கொண்டே இருக்குமாம். கேட்டதும் மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். ஏன் தெரியுமா? அதுவரை யாழினியின் டயப்பரைத் தோட்டத்துக்குக் கீழே ஓடையில்தான் வீசிக்கொண்டிருந்தோம். மொத்தக் கவுஞ்சியும் அப்படித்தான். அதே ஓடையில் கொஞ்சம் கீழே கேரட் கழுவுகிறார்கள். கழுவுகிற இடத்தில் பிள்ளைகள் ஈரக் கேரட்டை எடுத்து அப்படியே கடிக்கும். எத்தனை வருஷமாக இது நடக்கிறது, யாருக்கும் உறைக்கவில்லை.

இப்போது மாமா ஓடையிலிருந்து தள்ளிக் குழி வெட்டிப் புதைக்கிறார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருத்தர், "என்ன மாப்ள, டயப்பர் நட்டு வைக்கிற, எத்தன மாசத்துல காய்க்கும்?" என்று கிண்டல் பண்ணினாராம். மாமா கோபப்படவில்லை. ஐ.சி.யூ.வில் யாழினி குழாயோடு கிடந்த போட்டோவைக் காட்டினார். அடுத்த வாரம் அவரும் குழி வெட்டினார்.

அத்தை வீட்டில் விறகடுப்பில் எந்நேரமும் ஒரு அண்டா வெந்நீர் கிடக்கிறது. சமைக்கும் முன்னால், ஊட்டும் முன்னால், பிள்ளைக்குக் கழுவிவிட்ட பின்னால், யாராக இருந்தாலும் சோப்பு. சொந்தக்காரப் பாட்டி ஒருத்தி, "அம்மை வந்த வீட்டுல சோப்பா?" என்று கேட்டதற்கு அத்தை சொன்ன பதில் எனக்கு மனப்பாடம்.

"சோப்பு வேணாம்னு ஆத்தா என்னைக்கு எங்கிட்ட வந்து சொன்னா? நாமளாத்தான சொல்லிக்கிட்டோம்?"

கேஃபேயில் நான் போட்ட சண்டை தனிக் கதை. பந்துத் தொட்டியை மூடணும் என்றேன். ஓனர், "சீசன் டைம்ல லூசு மாதிரி பேசாத" என்றார். பந்தை எல்லாம் நானே வாசலில் அள்ளிக் கொட்டினேன். ப்ளீச்சிங் கரைச்சலில் ஊற வைத்து, கழுவி, காயப்போட்டேன். வாசலில் ஒரு ஹீட்டரும் வாஷ்பேசினும் வைக்கும் வரைக்கும் பிள்ளைகளை உள்ளே விட மாட்டேன் என்று குறுக்கே நின்றேன். வேலை போனால் போகட்டும் என்றுதான் நின்றேன். போகவில்லை. ஹீட்டர் வந்துவிட்டது. எனக்குத் தொண்டை வலித்தால் இப்போது கவுஞ்சிப் பக்கமே போவதில்லை.

கார்த்திகை மாதம் நேர்த்திக்கடன் செலுத்த எல்லோரும் பழனிக்குப் போனோம். முதலில் பூக்கார அக்காவைத் தேடிப் போனோம். அத்தை அவர் காலில் விழப் போனார். அவர் துள்ளி எழுந்துவிட்டார்.

"ஐயையோ, பெரியவங்க என்னம்மா இது! ஒங்க மருமக தங்கச்சிய நான் பேசுன பேச்சுக்கு நான்தான் விழணும்."

"முருகனே ஒங்க ரூபத்துல வந்தாரு அக்கா" என்றேன் நான்.

"முருகன் வெயில்ல சாக்கு விரிச்சு ஒக்காந்திருப்பாராக்கும்? போடி, நாலு முழம் பூ வாங்கிட்டுப் போ. யாவாரத்தக் கெடுக்காத."

வாங்கினேன். அவர் பையனுக்காகவும் அன்று மேலே வேண்டிக்கொண்டேன். இன்றைக்கும் தினமும் வேண்டிக்கொள்கிறேன். அவன் கைக்காக நீங்களும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

யாழினிக்கு மொட்டை போட்டுச் சந்தனம் பூசினோம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து அவள் தள்ளாடித்தான் நடந்தாள். நின்றால் விழுவாள். காலில் பலம் வருமா வராதா என்று யாரும் வாய் திறந்து பேசியதில்லை. யானைப்பாதையில் அக்கா இடுப்பில் வைத்துக்கொண்டு ஏற ஆரம்பித்தாள். பாதி வழியில் இவள் ஒரே ஆர்ப்பாட்டம்.

"நானு. நானு நடக்கேன்."

இறக்கிவிட்டோம். அக்காவின் கையையும் தட்டிவிட்டாள். ஒரு படி. நின்றாள். இன்னொரு படி. நாங்கள் நாலு பேரும் பின்னால் மூச்சை விடாமல். கூட்டமும் எங்களுக்குப் பின்னால் நின்றுவிட்டது. காவடியோடு வந்த ஒரு அண்ணன், "பாப்பா, கொஞ்சம் ஓரமாப் போறியா, தோளு வலிக்குது" என்றார். அவள் திரும்பி அவரை ஒரு முறை முறைத்துவிட்டு அடுத்த படியில் காலை வைத்தாள். பதினோரு படி. எண்ணினேன். பன்னிரண்டாவதில் உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"சித்தி, தூக்கு."

தூக்கினேன். கனமாக இருந்தாள். நல்ல கனம்.

குழுவில் இருக்கிற அண்ணன்மாரே, அக்காமாரே, உங்களுக்கும் ஏதோ ஒன்று வழி தெரியாமல் அடைத்துக்கொண்டு நிற்கலாம். கேளுங்கள். அழகாகக் கேட்கத் தெரியவில்லை என்றால் சண்டை போட்டுக் கேளுங்கள். அவன் கோபித்துக்கொள்வதில்லை, நான் பார்த்துவிட்டேன். பதில் எங்கிருந்து வரும், யார் வாயிலிருந்து வரும் என்று மட்டும் நீங்களாக முடிவு செய்துகொள்ளாதீர்கள். வந்தால் ரோஷம் பார்க்காதீர்கள். அப்போதே ஓடுங்கள்.

முருகனுக்கு அரோகரா.